உம்மாவின் பெண்மக்களும் மீஞ்சூர்த் தாழ்ப்பாளும்

பழவேற்காடு,
12-2-1984

பிரியமுள்ள தங்கை ரோஷன் பீவிக்கு,

அண்ணன் காஜா மைதீன் ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இறைவன் கிருபையில் இங்கே நான், உன் மதினி, பிள்ளைகள், வலைக்கடை எல்லாம் சுகம். அங்கே உன் சுகமும், மச்சான் ஜெகபர் அலியின் சுகமும், உன் அறைக்கதவுத் தாழ்ப்பாளின் சுகமும் அறிய ஆசை.

தாழ்ப்பாளை ஏன் விசாரிக்கிறேன் என்று உனக்கே தெரியும். போன வாரம் நான் பஸ் ஏறி, பொன்னேரியில் மாறி, மீஞ்சூரில் இறங்கி, உன் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் நீ உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாய். "அவளுக்குத் தலைவலி" என்று மச்சான் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஆஸ்பத்திரி என்ற பேச்சையே நான் இன்னும் எடுக்கவில்லை! சின்ன வயதில் அம்மை குத்த ஆள் வந்தபோது அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளிந்தவள் நீ. அப்போது காலைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தோம். இப்போது நாற்பது வயதுப் பெண்பிள்ளையை அப்படி இழுக்க முடியுமா? அதனால்தான் இந்தக் கடிதம். இதை நான் ஒருவனாகக் கடையில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் எழுதுகிறேன். உன்னை வற்புறுத்தப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன், கேள்.

உம்மா எதில் போனாள் என்று நம் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "நெஞ்சு நோவு" என்றோம். உம்மாவின் தங்கை, நம் சாச்சிக்கும் அதே நெஞ்சு நோவு. மார்பில் கட்டி என்று சொல்ல நமக்கு அவ்வளவு கூச்சம். நம் மூத்தவள் கைருன் அக்காவுக்கும் வந்த பிறகுதான் பட்டணத்து டாக்டரம்மா அதைப் புற்றுநோய் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அக்காவுக்கு ஒரு பக்கத்தை எடுத்தாயிற்று. அதிலிருந்து அவள் குரல் இரண்டு மடங்காகிவிட்டது, மீன் ஏலம் போடுகிறவன்கூட அவள் வந்தால் வழி விடுகிறான். அந்த அக்கா போன ஐப்பசியில் மறுபடி காட்டிக்கொள்ளப் போனபோது டாக்டரம்மா, "இது சில குடும்பத்துல ரத்த வழியா இறங்குது. எல்லாருக்கும் வரும்னு இல்ல. ஆனா வந்தா, சீக்கிரம் பாத்தா பொழைச்சுக்கலாம். உங்கம்மாவோட பொண்ணுங்க எல்லாரையும் ஒருதரம் கூட்டிட்டு வாங்க" என்றாராம்.

டாக்டரம்மா சொன்னது ஒன்று, அக்கா செய்தது ஒன்று. நம் வீட்டில் உம்மாவின் பெண் என்றால் யார்? உம்மா பெற்ற பெண்கள் நீங்கள் இரண்டு பேர்தான். பால் கொடுத்தது யார் யாருக்கு என்று ஊரே அறியும். பக்கத்து வீட்டு அப்துல் ஹை மகள் மஸூதா. தாய்க்கு ஜன்னி கண்டு, பசியாவரத்திலிருந்து படகில் அழுதுகொண்டே வந்து சேர்ந்த கைக்குழந்தை மணியம்மாள். காட்டூர் தருமன் மகள் அங்காளம்மாள். பால் குடித்தால் மகள்தான், அதில் பேச்சே கிடையாது. தரகன் ஒருவன் விவரம் தெரியாமல் மஸூதாவை எனக்குக் கேட்டு வந்தபோது, "அவ இவனுக்குத் தங்கச்சிடா!" என்று உம்மா அவனைத் துடைப்பத்தோடு தெருமுனைவரை துரத்தினாளே, மறந்திருக்க மாட்டாய். ஆகவே அக்கா எல்லோருக்கும் ஆள் அனுப்பினாள். பாலால் வந்த பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். வயிற்றில் பிறந்த நீ மட்டும் தலைவலி என்றாய்.

பயணத்தை என்னவென்று எழுதுவேன். பசியாவரத்துப் படகு ஏரியில் தண்ணீர் வற்றிச் சேற்றில் தட்டி நின்றுவிட, மணியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, தானும் தள்ளி, படகோட்டியையும் திட்டி, முழங்கால் சேற்றோடு கரையேறினாள், அவள் இடுப்பில் ஒரு குண்டான், டாக்டரம்மாவுக்கு என்று நண்டுக் குழம்பு, அதைப் பஸ்ஸில் என் மடியில் வைத்தார்கள், பொன்னேரி போகும் பாதைதான் உனக்குத் தெரியுமே, பாதிக் குழம்பு என் வேட்டிக்கு வந்தது, ரயிலில் பெண்கள் எல்லாம் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டு குண்டானை என்னிடமே விட்டுவிட்டார்கள், என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போக, பட்டணம் வரை ஒரு நவாபைப்போல நீட்டிப் படுத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரன், "பேஷண்ட் யாரு?" என்றான். "இன்னா கேள்வி இது? எல்லாரும்தான்" என்றாள் மஸூதா.

டாக்டரம்மா நம் குடும்ப வழியை வரைய ஒரு பெரிய தாளை விரித்தார். பெண்ணுக்கு வட்டமாம், ஆணுக்குச் சதுரமாம். உச்சியில் உம்மாவுக்கு ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் வாப்பாவுக்கு ஒரு சதுரம் போட்டு, கீழே அக்காவுக்கும் உனக்கும் வட்டம் போட்டார். வராவிட்டாலும் உன் பெயரை அக்கா விடவில்லை. மாசி மாதம் பிறந்தவள் என்று எழுதிக்கொண்டார்கள். அடுத்தது மணியம்மாள், அவளும் அதே வருஷம், அதே மாசி.

"ரெட்டைக் குழந்தைங்களா?" என்றார் டாக்டரம்மா.

"இல்லீங்க, ரோஷனுக்கு நான் பத்து நாள் பெரியவ" என்றாள் மணியம்மாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "உங்கப்பா பேரு?"

"எங்க நைனா பேரு துளசிங்கம்."

உம்மாவின் பக்கத்தில் இன்னொரு சதுரம் ஏறியது. அங்காளம்மாளைக் கேட்டார், தருமன் என்றாள், மூன்றாவது சதுரம். மஸூதாவைக் கேட்டார், அப்துல் ஹை என்றாள், நான்காவது சதுரம். அதுவரை மூலையில் குண்டானைக் காத்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐந்து வேளை தொழுத நம் உம்மாவுக்கு, நாலு கணவன்மார்! எழுந்து நின்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து நர்சுகள் ஓடி வந்தார்கள். "எங்க வாப்பா ஒருத்தர்தாம்மா! மத்த மூணு சதுரத்தையும் இப்பவே அழிங்க! இதுங்க எல்லாம் பால் குடிச்ச பொண்ணுங்க!"

டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அந்தத் தாளின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரத்த வழியாதான்மா இறங்கும், பால் வழியா இறங்காது. நீங்க மூணு பேரும் பயமில்லாம வீட்டுக்குப் போகலாம்" என்றார். வேறு யாராக இருந்தாலும் எழுந்து வந்திருப்பார்கள். நம் மஸூதாவா எழுவாள்? "அத்த நீ சொல்லக்கூடாது. எங்க உம்மாதான் அவங்க. சேத்துல எறங்கி இம்மாந்தூரம் வந்தாச்சு, பாத்துட்டே அனுப்பு" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சரி என்று எல்லோரையும் பார்த்தார். அதோடு விட்டார்களா? "ஆம்பளைக்கு இது வருமா?" என்று அங்காளம்மாள் கேட்க, "அபூர்வமா வரும். அதவிட, அம்மாகிட்டேருந்து மகனுக்கு இறங்கி, அவர் வழியா அவர் பொண்ணுக்கும் போகலாம்" என்றார் டாக்டரம்மா. மூட்டை தூக்க வந்தவன் என்றுதான் அதுவரை இருந்தேன். என் மகளை நினைத்தேன். உடனே எல்லோருமாகச் சேர்ந்து என்னைச் சட்டையைக் கழற்ற வைத்து ஒரு ஆண் டாக்டரிடம் தள்ளினார்கள். எனக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வந்தது, அவர் கோபித்துக்கொண்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். இரத்தத்தை எடுத்துப் பார்த்து யாருக்கு இறங்கும், யாருக்கு இறங்காது என்று சொல்லும் காலம் ஒருநாள் வரலாமாம். இப்போதைக்குக் கையும் கண்ணும்தான் பரிசோதனை என்றார் டாக்டரம்மா.

அந்தக் கைக்குத்தான் மணியம்மாளிடம் ஒன்று தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு.

ரோஷன், அந்த நேரத்தில் எனக்கு வந்த அழுகையை நான் மறைக்கவில்லை. நம் இரத்தமே இல்லாதவள், பயப்படத் தேவையில்லை என்று கொஞ்ச நேரம் முன்னால் சொல்லப்பட்டவள். இது குடும்பத்து வழியில் வந்ததல்ல, யாருக்கும் வரக்கூடியதாம். "இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா நான் ஒண்ணும் செய்திருக்க முடியாது" என்று டாக்டரம்மா சொன்னார். அவளுக்கும் ஒரு பக்கத்தை எடுத்தார்கள். மார்கழி முழுக்க நம் வீட்டில்தான் கிடந்தாள், அக்கா அவளுக்குக் கஞ்சி கொடுத்து, கட்டு மாற்றி, நாள் முழுக்கச் சண்டையும் போட்டாள். பொங்கலுக்குப் படகேறிப் போய்விட்டாள். "ஒரு பக்கம் பாரம் கொறைஞ்சா, படகுல கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கணும், அவ்ளோதான்" என்கிறாள். உம்மா மண்ணுக்குள் போய் இத்தனை வருஷம் கழித்தும் அவளுக்குப் பால் கொடுத்துவிட்டாள் என்கிறாள் அக்கா.

டாக்டரம்மா மூன்று சதுரங்களையும் அழித்துவிட்டார். பால் குடித்த பெண்களை மட்டும் அழிக்க மனம் வராமல் பக்கத்தில் புள்ளிக்கோடு போட்டு வைத்திருக்கிறார். உன் வட்டம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. "பால் குடிச்சவங்க எல்லாம் வந்துட்டாங்க, பெத்த பொண்ணு எங்க?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். உனக்குப் பயம் என்று தெரியும். எனக்கும் பயம்தான். உம்மாவைத் தூக்கிக்கொண்டு போன சந்தூக்கின் முன்பக்கம் தோள் கொடுத்தவன் நான், இன்னொரு தடவை கொடுக்க என்னால் ஆகாது.

வேறு விசேஷம் இல்லை. மதினி ஸலாம் சொல்லச் சொன்னாள். பிள்ளைகளுக்கு என் துஆ. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், கொஞ்சம் துணிச்சலையும், மச்சானுக்குப் பொய் சொல்லும்போது நேராகப் பார்க்கும் திறமையையும் தருவானாக. அவசரமே இல்லை. நிதானமாக யோசித்து, நோன்புப் பெருநாள் கழித்துப் பதில் எழுதினால்கூடப் போதும்.

இப்படிக்கு,
உன்னை ஒருபோதும் வற்புறுத்தாத அண்ணன்,
காஜா மைதீன்

பின்குறிப்பு: யாருக்கும் தெரியாது, அவசரமில்லை, வற்புறுத்த மாட்டேன் என்று மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். ஒட்டுவதற்குப் பசை தேடிய நேரத்தில் மஸூதா கடைக்கு வந்து முழுவதையும் படித்துவிட்டாள். "தபால்ல போட்டு எப்ப போய்ச் சேர்றது?" என்று அக்காவிடம் ஓடினாள், அக்கா பசியாவரத்துக்கு ஆள் அனுப்பினாள். உறையில் தபால்தலை இல்லையே என்று பார்க்காதே. இதை உன் அறைக்கதவின் அடியில் நுழைத்தது நான்தான். எல்லோரும் இங்கே உன் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறோம். வாசல் கதவைத் திறந்துவிட்ட மச்சானைத் திட்டாதே, மனிதர் நண்டு வாசனையில் மயங்கிவிட்டார். பட்டணத்து ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. தாழ்ப்பாளை உடைத்துவிடலாம் என்கிறாள் அக்கா. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உன்னைவிடப் பத்து நாள் பெரியவள் உன் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். கொஞ்சம் பார்த்துத் திற, மணியம்மாள் உள்ளே விழுந்துவிடப் போகிறாள்.