ஆர்ச்சுக்கு அடியில் ஏசி வண்டி

அச்சரப்பாக்கம் தனகோடி அன்று காலையில் ஒரு தீர்மானத்தோடு பல் துலக்கினார். இந்தக் கோடைக்கு வேனில் ஏசி வைத்தே தீருவது. பெண்டாட்டி வேண்டாம் என்றாலும் சரி, வேண்டவே வேண்டாம் என்றாலும் சரி.

வேன் சாதாரண வேன் இல்லை. பழைய டூரிஸ்ட் வேனை வாங்கி, உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, கை கழுவும் தொட்டி, பின்னால் ஒரு ஜெனரேட்டர் எல்லாம் வைத்து, மாமல்லபுரம் வரும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். ஓட்டுவதும் அவரே. போன கோடையில் ஒரு ஜோடி உள்ளே வெந்து, பாதி வழியில் இறங்கி ஓடிவிட்டது. இப்போது இன்னொரு ஜோடி ஒரு மாசத்துக்குக் கேட்டிருக்கிறது. ஆனால் ஏசி இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை சாயந்திரம் மாமல்லபுரத்தில் வண்டி நிற்க வேண்டும். தவறினால் வேறு வண்டிக்குப் போய்விடுவார்கள்.

மனைவி எல்லம்மாள் தெரு மகளிர் குழுவுக்குத் தலைவி. போன மாசம்தான் குழுவோடு கடல் பார்க்க வேனைக் கேட்டாள். "அது ஃபாரின்காரன் ஏர்ற வண்டி. உங்க கும்பலு ஏர்னா ஸ்பிரிங்கே உக்காந்துரும்" என்று ஒரே போடாகப் போட்டிருந்தார். அந்தக் கோபத்தில் ஏசிக்குக் குறுக்கே நிற்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தப் பொட்டி வண்டி மேலயா குந்தும்? வாசல் ஆர்ச்சு இடிக்காதா மாமா?"

"நானே அளந்து கட்னது. எனுக்குத் தெரியாதா? நீ போய் மோர் கொண்டா."

கொண்டுவந்தாள். மறுபேச்சு இல்லை. கல்யாணமான நாளிலிருந்து பார்க்காத அடக்கம். தனகோடிக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது.

கேளம்பாக்கத்திலிருந்து மெக்கானிக் தாவீது வந்தார். வேனை வாசலுக்குள் மர நிழலில் நிறுத்தி, கூரையில் சதுரமாக ஓட்டை வெட்டி, சுற்றிலும் ரப்பர் பட்டை வைத்து, மேலே ஏசியை உட்கார வைத்து, உள்ளே இருந்து போல்ட்டை முறுக்கினார். ஜெனரேட்டர் ஓடியதும் சித்திரை வெயிலில் உள்ளே மார்கழி. ரப்பர் ஒருமுறை அழுந்தினால் அழுந்தியதுதான், இனி கழற்றினால் மழைக்கு ஒழுகும், புது ரப்பர் வர ஒரு வாரம் ஆகும் என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை. தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, மாப்பிள்ளை ஊர்வலம் போல வண்டியை எடுத்தார். ஆர்ச்சு வந்தது. வண்டி நின்றது. ஏசிப் பெட்டி ஆர்ச்சைவிட நாலு விரல் உயரம்.

அளந்து கட்டியது உண்மைதான். போன மழையில் தண்ணீர் உள்ளே வருகிறது என்று ஆர்ச்சுக்கு அடியில் கம்பி போட்டு, கான்கிரீட் கொட்டி, மேடாக்கியவரும் அவரேதான். அதற்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவள் எல்லம்மாள்.

டயரில் காற்றை இறக்கிப் பார்த்தார். இன்னும் இரண்டு விரல் இடித்தது. மேட்டைக் கொத்த ஒரு நாள் போதாது. ஆர்ச்சை இடிக்கலாமென்றால் அதில் 'தனகோடி இல்லம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு வெரலுதானே?" என்றாள் எல்லம்மாள். "நாங்க ஏர்னா ஸ்பிரிங்கு உக்காரும்னு நீதானே சொன்ன. உக்கார வச்சிருவோமா?"

தனகோடிக்கு உடம்பு சிலிர்த்தது. என்ன மூளை! ஏழு ஜென்மத்துக்கும் இவளே போதும் என்று அந்த நிமிஷம் மனசாரத் தோன்றியது.

கூப்பிட்ட குரலுக்குக் குழு மொத்தமும் வந்தது. எல்லோரும் பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, கையில் தூக்கு. அதையெல்லாம் தனகோடி கவனிக்கவில்லை. அவர் கண் ஸ்பிரிங்கில் இருந்தது. கட்டிலிலும் தரையிலும் நெருக்கி உட்கார, வண்டி முனகிக்கொண்டே தாழ்ந்தது. எல்லம்மாள் வெளியே நின்று கையைக் காட்ட, அவர் அங்குலம் அங்குலமாக நகர்த்த, ஏசி ஆர்ச்சை உரசாமல் தெருவுக்கு வந்தது.

டயருக்குக் காற்று அடித்துவிட்டு, எல்லோருக்கும் கும்பிடு போட்டு, இறங்கச் சொன்னார். ஒருத்தியும் அசையவில்லை. உள்ளே புளிச்சோற்று வாசனை அடித்தது. யாரோ ஏசியைப் போட்டார்கள்.

எல்லம்மாள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "மாமல்லபுரந்தானே போற? ஃபாரின்காரன் சாயந்திரம்தானே வரான்? அதுவரிக்கும் நாங்க கடல் பாத்துட்டு பஸ்ல வந்துர்றோம். ஓட்டு."

"இந்த ஒரு தபாதான்" என்றார் தனகோடி, கறாராக.

"சரி மாமா. வண்டி திரும்பி உள்ள போவணும்ல, அன்னிக்கிப் பேசிக்கலாம்."