ஏழு எட்டான கதை

ஆங்கிலத்திடம் டி செவனைப் போல அடி வாங்கிய மனிதர் சிங்கப்பூரிலேயே வேறு யாரும் கிடையாது. எழுபதுகளின் கடைசியில் ஜூரோங் கப்பல் பட்டறை ஒன்றின் ஸ்டோரில் நானும் அவரும் கிளார்க்குகள். ஓ லெவல் என்ற பள்ளியிறுதிப் பரீட்சையில் ஏ ஒன் வாங்கினால் உச்சி, எஃப் நைன் வாங்கினால் ஃபெயில். ஆங்கிலத்தில் ஆறுக்குள் வந்தால்தான் சூப்பர்வைசர் வேலை. அவர் எத்தனை தடவை எழுதினாலும் டி செவன்தான். கடைசியில் அதுவே அவர் பெயராகிவிட்டது.

அந்த வயிற்றெரிச்சலில் அவர் ஊரார் பேசும் ஆங்கிலத்துக்கெல்லாம் மார்க் போட்டார். ஒருநாள் மானேஜர் அவரைக் கூப்பிட்டுக் கிழி கிழியென்று கிழித்தார். வெளியே வந்தவர் என்னிடம் சொன்னார்:

"உச்சரிப்பு பி த்ரீ. கோவத்துல கிராமர் போயிடுச்சு லா. மொத்தத்துல சி ஃபைவ் குடுக்கலாம்."

மெட்ராஸிலிருந்து ஒரு புது இன்ஜினியர் வந்தார். அமெரிக்கா போவதற்கான ஆங்கிலப் பரீட்சையில் ஐநூற்று அறுபது வாங்கியவர். அங்கே எண் ஏற ஏறப் பெருமை என்று தெரிந்ததும் டி செவனுக்குத் தூக்கம் போயிற்று. கம்பெனி பஸ்ஸில் அவரை மடக்கினார்.

"அப்ப என்னோட ஏழு, உங்க கணக்குல எழுநூறு!"

"அண்ணே, அதுல எழுநூறே கிடையாது."

"இருந்திருந்தா?"

மறுநாளிலிருந்து இன்ஜினியர் வேறு பஸ்ஸில் வந்தார்.

டி செவன் அடுத்த பரீட்சைக்கு வெறி பிடித்தாற்போலப் படித்தார். சிராங்கூன் ரோட்டில் தேநீர் குடிக்கப் போனாலும் கையில் டிக்ஷனரி. ரிசல்ட் வந்தது. இ எயிட். சூப்பர்வைசர் வேலை வேறொருவருக்குப் போயிற்று. அன்று முழுக்க அவர் யாருக்கும் மார்க் போடவில்லை. எனக்கு மனசே சரியில்லை.

சாயங்காலம் தோ பாயோவில் அவர் வீட்டுக்குப் போனேன். கேசரித் தட்டோடு அவர் மனைவி கதவைத் திறந்தார்.

"இத்தனை வருஷமா ஏழுலயே நின்னவங்க, எட்டுக்கு ஏறிட்டாங்க தம்பி! அடுத்த தடவை ஒம்பது வந்துடும், பாருங்க."

அவருக்குப் பின்னால் நின்ற டி செவன், வாயைத் திறக்காதே என்று கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார்.

"நீங்க எத்தனை தம்பி?"

"அஞ்சுதான் அக்கா."

"கவலப்படாதீங்க. இவங்ககிட்ட கேட்டுப் படிங்க."

"சரிக்கா" என்றேன்.

எனக்கு இனிப்பே ஆகாது. அன்றைக்கு அந்த மனிதர் முகத்துக்காக இரண்டு தட்டு கேசரி சாப்பிட்டேன்.