சட்டி திறந்தாரின் பீஸ்

கற்பிட்டியிலிருந்து முந்தல் வரை அந்த மனிதர் மூடி தூக்கிப் பார்க்காத சட்டி கிடையாது. தன் குசினியில் என்ன வேகிறது என்று வீட்டுக்காரனுக்குத் தெரியாமல் இருக்கலாம், அவருக்குத் தெரிந்திருக்கும். இத்தனைக்கும் அவர் சமையல்காரர் அல்ல, சுகாதாரப் பரிசோதகரும் அல்ல. காணியை ஈடு வைத்து வீடு கட்டக் கடன் எடுத்துக் கொடுக்கும் தரகர். மற்றத் தரகர்மார் சேட் பொக்கற்றில் பேனை வைத்திருப்பார்கள். இவர் கரண்டி வைத்திருந்தார். பேனையை யாரிடமாவது இரவல் வாங்குவார்.

ஊர் அவருக்கு வைத்த பெயர் ‘சட்டி திறந்தார்’. நேரில் மட்டும் மரியாதையாக அண்ணன் என்போம்.

யுத்தம் முடிந்த கையோடு எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் வீட்டுப் பைத்தியம் பிடித்திருந்தது. பெரிய ரோட்டில் கடன் கொடுக்கும் கம்பனிகள் பெட்டிக்கடைகள் மாதிரி முளைத்தன. கூடவே தரகர்களும் முளைத்தார்கள். அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் இலவசம். பீஸ் கேட்டவர் சட்டி திறந்தார் ஒருவர்தான். அதையும் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பார். கடன் கிடைத்தாலும் அதே பீஸ், கிடைக்காவிட்டாலும் அதே பீஸ், உனக்குக் கடன் வேண்டாம் என்று அவரே சொன்னாலும் அதே பீஸ். ஒருவர் கொதித்துப்போய்க் காசைத் திருப்பிக் கேட்டாராம். “வேணாம் எண்டு சொல்லுறதுதான் தம்பி கஷ்டமான வேலை” என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாராம். இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று ஊரே வாயைப் பிளந்தது.

நான் அப்போது எத்தாளைக் கரையில் படகுகளுக்கு ஐஸ் விற்றுக்கொண்டிருந்தேன். எங்களுக்கு இருந்த ஒரே சொத்து என் மனைவி ஜெசிந்தாவின் சீதனக் காணி. அதன் ஒரு மூலையில் எங்கள் வீடு, மறுமூலையில் மாமியின் கொட்டில். அந்தக் காணி கைவிட்டுப் போனால் மாமி, பிள்ளைகள், நாங்கள் எல்லோரும் நடுரோட்டில்தான். இது எனக்கும் தெரியும். இருந்தாலும் மேல்மாடி வேண்டும், படிக்கட்டு ரோட்டால் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

எனக்கு வாய்த்த தரகர் உச்சி வெயிலிலும் டை கட்டுகிற ஒரு இளைஞன். “நீங்க ஒரு சதமும் தரத் தேவையில்ல அங்கிள்” என்றான். நான் கேட்ட தொகையைச் சொன்னதும் அவன் முகம் வாடிவிட்டது. இவ்வளவு குறைவாகவா கேட்பது, இதைப்போல இரண்டு மடங்கு எடுக்கலாமே என்றான். பெற்ற தகப்பன்கூட என்மீது இவ்வளவு நம்பிக்கை வைத்ததில்லை. அன்றே அவனுக்கு மனதைக் கொடுத்துவிட்டேன்.

ஜெசிந்தா என்ன செய்தாள் தெரியுமா? தவக்காலத்தில் ஒரு நாள், என்னிடம் மூச்சுக்கூட விடாமல், சீட்டுப் பிடித்த காசைக் கொண்டுபோய்ச் சட்டி திறந்தாருக்குப் பீஸ் கட்டிவிட்டு வந்தாள். எனக்குத் தலை சுற்றியது. சும்மா கிடைக்கிற ஒன்றைக் காசு கொடுத்து வாங்குகிற பெண்ணையா நான் கட்டினேன்?

“அவர் என்னட்ட எவ்வளவு வாங்கினார் எண்டு எனக்குத் தெரியும்” என்றாள் அவள். “அந்தப் பொடியன் ஆரிட்ட வாங்குறான் எண்டு உங்களுக்குத் தெரியுமா?”

இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.

அடுத்த அதிர்ச்சி, பீஸ் வாங்கிய மனிதர் எட்டியும் பார்க்கவில்லை. ஆளனுப்பிக் கேட்டால், “கச்சான் எழும்பட்டும், வாறன்” என்று பதில் வந்தது. கச்சான் காற்று எழும்பினால் எங்கள் கடல் மாதக்கணக்காகப் படகுகளை உள்ளே விடாது. மீன் இல்லாத கரையில் ஐஸை யார் வாங்குவது? மனிதன் கையில் காசு புழங்கும் காலத்தில் வராமல், வீடு வறண்டு கிடக்கும்போது பார்க்க வருகிறேன் என்கிறவரை என்னவென்று சொல்வது?

ஆனால் என் வீடு கச்சானிலும் வறண்டதில்லை. ஐஸ் விற்ற காசை நான் அவ்வளவு கெட்டித்தனமாகப் பங்கிட்டு வைத்திருந்தேன். எப்படிச் சேமிப்பது என்று கரையில் மற்றவர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். அவர்கள் ஏனோ சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

கச்சான் எழும்பி மணல் கண்ணில் அடித்த ஒரு காலையில் டை கட்டிய தம்பி பத்திரங்களோடு வந்தான். வழக்கமாக அந்த நேரம் நான் கரையில் மீன் வாடியில் சீட்டுக் கடதாசி விளையாடிக்கொண்டிருப்பேன். அன்று கையெழுத்து வைப்பதற்காக வீட்டில் நின்றேன். அது ஜெசிந்தாவுக்குப் பிடிக்கவில்லை. கரைக்குப் போகவில்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். காணி உறுதிப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னால் குசினியை விட்டு வெளியே வரவும் மாட்டேன் என்றாள். நான் பேனையைத் திறந்தேன். அந்த நேரம் வாசலில் ஒரு குடை மடங்கியது. கச்சான் காற்றில் குடை பிடிக்கத் துணிந்த ஒரே ஆள் அவர்தான்.

சட்டி திறந்தார் என்னையும் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை. விறாந்தையைத் தாண்டி நேரே குசினிக்குள் நுழைந்தார். ஒரு பிற ஆண் என் வீட்டுக் குசினிக்குள்! நான் பாய்ந்து போனேன், பின்னால் டையும் பறக்கத் தம்பியும் வந்தான்.

அடுப்பில் இருந்தது கோயில் திருநாளுக்குச் சோறு வைக்கிற அளவு பெரிய சட்டி. அப்படி ஒன்று எங்கள் வீட்டில் இருப்பதே எனக்குத் தெரியாது. அவர் மூடியைத் தூக்கினார். கழுத்து மட்டும் சோறு. பக்கத்தில் பருப்பு, கத்தரிக்காய், கருவாட்டுக் குழம்பு. குழம்பில் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தார். உப்புக் காணாது என்று ஜெசிந்தாவிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, வீட்டில எத்தின பேர்?”

“நாலு பேர், மாமியோட அஞ்சு.”

“இது நாப்பது பேருக்குக் காணுமே.”

நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். ஜெசிந்தா அகப்பையைப் பார்த்தாள். விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. அவளும் மாமியும் மூன்று கச்சானாக இறால் பண்ணையில் வேலை செய்கிறவர்களுக்கு மத்தியானப் பார்சல் கட்டி அனுப்புகிறார்கள். நான் கடதாசி விளையாடப் போன பிறகு அடுப்பு மூட்டுவார்கள். நான் சாப்பிட வருவதற்குள் சட்டி கழுவப்பட்டு மாமியின் கொட்டிலுக்குப் போய்விடும். நான் கெட்டித்தனமாகப் பங்கிட்ட காசு கச்சானின் முதல் மாதத்தைத் தாண்டுவதில்லையாம். மிச்ச மாதமெல்லாம் நான் தின்றது இறால் பண்ணைச் சோறு. ஊரில் எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. பார்க்காமல் தேங்காய் துருவும் திருவலையின் மேல் உட்காரப் போன என்னை டை கட்டிய தம்பிதான் பிடித்து நிறுத்தினான்.

“ஏன் எனக்குச் சொல்லல்ல?” என்றேன்.

“சொன்னா அதையும் சேத்துப் பாத்து இன்னும் பெரிய லோன் எடுப்பீங்க” என்றாள் ஜெசிந்தா. “கட்ட ஏலாமக் காணி போனா அம்மா எங்க போற?”

சட்டி திறந்தார் கரண்டியைத் துடைத்துப் பொக்கற்றில் போட்டுவிட்டுத் தம்பியிடம் கோபமில்லாமல் கேட்டார்.

“மகன், இவர் கூட எடுத்தா உனக்குக் கூடக் கிடைக்குமா, குறையக் கிடைக்குமா?”

தம்பி நல்லவன், பொய் சொல்லத் தெரியவில்லை. கூடத்தான் கிடைக்கும், கம்பனி கொமிஷன் தரும் என்றான். பிறகு அவனும் கேட்டான். “அப்ப உங்களுக்கு அங்கிள்?”

“எனக்குத் தவக்காலத்திலேயே கிடைச்சிட்டு. இவர் எடுத்தாலும் ஒண்டுதான், எடுக்காட்டியும் ஒண்டுதான்.”

எனக்குச் சுரீர் என்றது. எங்கள் கரையில் மீன் முதலாளி சும்மா வலை கொடுப்பார். வாங்கியவன் ஆயுள் முழுக்க அவர் சொல்கிற விலைக்குத்தான் மீன் கொடுக்க வேண்டும். சும்மா வலை வாங்கினவர்களைப் பார்த்து ஐஸ் பெட்டிக்குப் பின்னால் நின்று எத்தனை வருடம் சிரித்திருக்கிறேன். அதே வலைக்குள் படிக்கட்டோடு சேர்த்து நானும் ஏறப் பார்த்தேனே!

கச்சானில் சட்டியில் என்ன வேகிறதோ அதுதான் ஒரு வீடு கட்டக்கூடிய கடனின் அளவு என்று சட்டி திறந்தார் அங்கேயே தீர்ப்புச் சொன்னார். மேல்மாடி கிடையாது. நான் கேட்டதில் கால்வாசிக்குத்தான் கடன், அதையும் வங்கியில் எடுக்க வேண்டும். முதலில் பெரிய குசினி, பிறகு மாமிக்கு ஒரு அறை. கடன் ஜெசிந்தாவின் பெயரில். காணியும் அவளுடையது, கச்சானில் உழைக்கிறவளும் அவள்தான். அப்படியென்றால் நான் எதற்கு என்று கேட்டேன்.

“நீங்க பிணைக்குக் கையெழுத்து வையுங்க தம்பி.”

என் வீட்டில், என் குசினியில், என் முகத்துக்கு நேரே! டை கட்டிய தம்பி அன்று பார்சல் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனான். அவனாலும் அவ்வளவுதான் முடிந்தது.

ஜெசிந்தா கடனைக் கட்டி முடித்துவிட்டாள். காணி அவள் பெயரிலேயே இருக்கிறது. மாமி தன் அறையில் விசிறியைப் போட்டுக்கொண்டு, ஐஸ்கார மருமகன் சமையலுக்கு விறகு கொத்துவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சட்டி திறந்தார் போன வருடம் காலமானார். மரண அறிவித்தலில் இருந்த பெயரைப் பார்த்து வேறு யாரோ என்று நினைத்தோம். கோயில் முழுக்கப் பெண்கள். எல்லா ஊர்க் குசினியும் அங்கே வந்திருந்தது. ஆண்கள் வெளியே வெயிலில் நின்றோம். ஒவ்வொருவனுக்கும் அவர்மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது, ஒருவனும் வீட்டுக்குப் போகவில்லை. ஜெசிந்தா அன்று அடுப்பு மூட்டவில்லை. பார்சல் எங்கே என்று இறால் பண்ணைக்காரரும் கேட்கவில்லை, அவர்களும் அடக்கத்துக்கு வந்திருந்தார்கள்.

எங்களிடம் பீஸ் வாங்காமல் அந்த மனிதர் செய்த ஒரே காரியம், அன்று எங்களை அழவைத்ததுதான்.