பதினேழாம் எண்ணுக்கு ஒரு நாற்காலி

கம்ப்யூட்டர் மறுபடியும் பதினேழாம் எண்ணைக் கொண்டுபோய் கோட்டு மாட்டும் கதவோரத்தில் தனியாக உட்கார வைத்திருந்தது.

தோர்கில் காப்பிக் கோப்பையைத் தள்ளிவிட்டுத் திரையை முறைத்தார். நாளைக்கு அவருடைய தங்கை இங்கெலிஸுக்கும் மாப்பிள்ளை பல்லெவுக்கும் திருமண வெள்ளிவிழா. டென்மார்க்கின் ஓடென்ஸ் நகருக்கு வெளியே ஊர்க்கூடத்தில் நீள மேசை போட்டு விருந்து. யார் பக்கத்தில் யார் என்று முடிவு செய்யும் வேலையை அவரே வலியப் போய் வாங்கிக்கொண்டிருந்தார். போன முறை குடும்பம் கூடியபோது குடும்பத்துக் கோடைவீடு யாருக்கு என்ற தகராறில் ஒரு தட்டு ஹெர்ரிங் மீன் பறந்தது. இந்த முறை எதுவும் பறக்கக் கூடாது.

நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர் தோர்கில். உயிர்களின் பரிணாமத்தைப் போலவே கம்ப்யூட்டர் விடை தேடும் வித்தையைக் கற்க, குளிர்காலம் முழுக்க மாலைப்பள்ளிக்குப் போனார். ஆசிரியை மைக்கன் எளிதாகத்தான் சொன்னாள். குருட்டாம்போக்கில் நூறு விடைகளை உண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட வேண்டும். மோசமானவற்றைக் கழித்துவிட்டு, தேறியவற்றை இரண்டிரண்டாகக் கலந்து பிள்ளை விடைகளைப் பெற வேண்டும். அங்கங்கே எதையாவது தற்செயலாக மாற்றிவிட வேண்டும். தலைமுறை தலைமுறையாக இதையே செய்தால் நல்ல விடை தானாக வளர்ந்து வரும்.

தோர்கில் சொக்கிப்போனார். ஈஸ்டர் விருந்தில் அவர் இதை விளக்க ஆரம்பித்ததும் ஒவ்வொருவராக எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டார்கள். இவ்வளவு பொறுப்பான குடும்பம் வேறு யாருக்கு வாய்க்கும் என்று அவர் பூரித்தார்.

யார் பக்கத்தில் உட்காரப் பிடிக்கும், யார் பக்கத்தில் பிடிக்காது என்று விருந்தினர் எல்லோரும் இங்கெலிஸுக்கு எழுதி அனுப்ப வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. யார் மனமும் நோகக் கூடாதென்று அவள் பெயர்களை நீக்கிவிட்டு எண்களாகக் கொடுத்தாள். தம்பதி மட்டும் ஒன்று, இரண்டு. மற்றவர்களில் யார் எந்த எண் என்பது அவளுக்குத்தான் தெரியும். அந்த விருப்பு வெறுப்புகளைத்தான் தோர்கில் கம்ப்யூட்டருக்கு மதிப்பெண்ணாகக் கொடுத்தார்.

கதவோரத்தில் யாரையும் உட்கார வைக்கக் கூடாது என்று தோர்கில் ஒரு விதி சேர்த்தார். கம்ப்யூட்டர் பதினேழைக் குழந்தைகள் மேசைக்கு அனுப்பியது. குழந்தைகள் மேசைக்கும் அபராத மதிப்பெண் போட்டார். பாட்டுக்காரர்களின் ஒலிபெருக்கிக்கு அடியில் கொண்டுபோய் வைத்தது. தற்செயல் மாற்றத்தை இரட்டிப்பாக்கினார். ஒருவரையொருவர் வேண்டவே வேண்டாமென்று எழுதிய எண்கள், கோடைவீட்டுச் சண்டைக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும், எதிரெதிரே வந்து உட்கார்ந்தன. ஒலிபெருக்கிக்கடியில் பதினேழு அசையவில்லை.

மைக்கனுக்குப் போன் போட்டார்.

"புரோகிராம்ல எங்கயோ தப்பு இருக்கு, மைக்கன்."

"தப்பு இருக்காதுங்க. நீங்க எதுக்கு மார்க் குடுக்கறீங்களோ அதைத்தான் அது வளர்க்கும்."

"ஒரு மனுஷனைத் தூக்கி மூலையில போடறதுக்கா நான் மார்க் குடுத்தேன்?"

"நீங்க குடுக்கல. உங்க சொந்தக்காரங்க குடுத்திருக்காங்க."

போனை வைத்தபின் தோர்கில் பதினேழு யாராக இருக்கும் என்று யோசித்தார். பல்லெவின் ஒன்றுவிட்ட தம்பி வாகன்தான் அந்தப் பதினேழோ? வாயே திறக்காத பிராணி. தன் பக்கத்தில் உட்கார ஒருவருக்கும் விருப்பமில்லை என்பது அந்த ஆளுக்குத் தெரியுமா? தெரியாமல் நாளைக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு சிரித்த முகமாக வருவாரே!

சதுப்பு நிலத்தில் இடுப்பளவு சேற்றில் நின்று எல்லைக்கல்லைத் தேடி எடுத்தவர் அவர். விடுவதாக இல்லை. பதினேழின் இரண்டு பக்கமும் ஆள் இருந்தே தீர வேண்டும் என்று, வேறு எந்த விதியும் எட்ட முடியாத மதிப்பெண்ணைத் தூக்கி வைத்தார். ஆயிரம் தலைமுறைகள் ஓடின. பதினேழுக்கு இரண்டு பக்கமும் ஆள் கிடைத்தார்கள். அதற்கு விலையாக, ஒன்றாம் எண் மேசையின் ஒரு கோடியிலும் இரண்டாம் எண் மறு கோடியிலும் போய் விழுந்தன. வெள்ளிவிழாத் தம்பதியையே பிரித்துவிட்டது.

தோர்கில் கம்ப்யூட்டரை மூடினார். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர்க்கூடத்துக்குப் போனார். இங்கெலிஸ் மேசை விரிப்பை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் துணி நாப்கினை மடிப்பதும் பிரிப்பதுமாக, தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"அந்த ஆள் யாருன்னு நீ சொல்ல வேண்டாம்மா," என்றார் தோர்கில். "கம்ப்யூட்டரால முடியலன்னா மனுஷன்தான் செய்யணும். என் நாற்காலியைத் தூக்கிப் பதினேழு பக்கத்துல போட்டுடு. விருந்து முடியற வரைக்கும் நான் பேசிக்கிட்டே இருக்கேன். தனியா இருக்கோம்ங்கற நெனப்பே அவருக்கு வராது."

இங்கெலிஸ் நாப்கினைக் கீழே வைத்தாள். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது முடியாதுண்ணா. பதினேழே நீதான்."