எங்கட கொம்பனி

ஹம்பேர்க் விமான நிலையத்தில் ஒரு விமானக் கொம்பனியை மனதார நேசித்தவர் ஒரேயொருவர்தான். அந்தக் கொம்பனி அவருக்கு ஒரு நாளும் சம்பளம் கொடுத்ததில்லை.

அவரை நாங்கள் 'கப்டன்' என்போம். விமானம் வந்து நின்றதும் உள்ளே போய்க் குப்பை எடுப்பது எங்கள் வேலை. சம்பளம் தருவது ஒரு துப்புரவு நிறுவனம். ஆனால் கப்டனைக் கேட்டால், நாங்கள் எல்லோரும் ஒரு துருக்கி விமானக் கொம்பனியின் ஆட்கள்.

அதன் வரலாறு அவருக்குத் தேவாரம் போலப் பாடம். "முதல் ஒரேயொரு பிளேன், தம்பி. அதுவும் வாடகை. இஞ்ச பக்டரியில வேலை செய்த துருக்கிக்காரரை லீவுக்கு ஊரில கொண்டுபோய் விட்டது. பிறகுதான் வெள்ளையள் வெயில் காயப் போகத் தொடங்கினவை. எங்கட கொம்பனி அப்பிடி வளந்தது." இதைச் சொல்லும்போது அவர் கை இருக்கைப் பைக்குள் சூரியகாந்தி விதைக் கோதுகளைத் தோண்டிக்கொண்டிருக்கும்.

இறங்கியவர்களின் சூடு ஆறுமுன் அடுத்த கூட்டம் ஏறிவிடும். அந்த இடைவெளியில் மற்ற விமானங்களை நாங்கள் கூட்டுவோம். துருக்கிக் கொம்பனியின் விமானத்தை மட்டும் அவர் குளிப்பாட்டுவார். மேற்பார்வையாளர் கத்துவார்.

"கத்தட்டும். அவருக்குப் பிளேனைப் பற்றி என்ன தெரியும்?" என்பார் கப்டன். அவர் கடைசியாகப் பறந்தது இந்த நாட்டுக்கு வந்தபோதுதான்.

அவரிடம் இருந்தது அகதிகளுக்கான நீலப் பயணப் புத்தகம். இலங்கையைத் தவிர எந்த நாட்டுக்கும் போகலாம் என்று அதில் எழுதியிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்த அவருடைய அக்காவுக்கோ ஜேர்மன் விசா கிடைக்கவில்லை. எனவே எங்கள் ஆட்கள் வழக்கமாகச் செய்வதுபோல, நடுவில் ஒரு நாட்டில் சந்திப்பதென்று முடிவானது. அக்கா மகனோடு இஸ்தான்புல் வருவார், இவர் இங்கிருந்து போவார். போர் முடிந்த பிறகு இருவரும் நேரில் கண்டதேயில்லை.

"அண்ணை, அந்தக் கொம்பனி ஆட்டம் காணுதாம். வேற ஒண்டில போங்கோ," என்றேன்.

"வீட்டில சமையல் இருக்க ஆரும் கடையில சாப்பிடுவினமோ?" என்றார்.

அவர் கோட் சூட்டோடும் ஒரு பெட்டி சொக்லேட்டோடும் வந்து நின்ற அன்று காலைதான் கொம்பனி படுத்தது. கவுண்டரில் ஒட்டிய தாள் மட்டும் இருந்தது. பாடசாலை விடுமுறை, மற்ற விமானங்களில் ஒரு கிழமைக்கு இடமில்லை. அக்காவோ அதற்குள் திரும்பியாக வேண்டும். டிக்கெட் காசைத் திரும்பப் பெற 'அன்ட்ராக் போடுங்கள்' என்றாள் தகவல் மேசைப் பெண். ஜேர்மனியில் ஆள் செத்தாலும் முதலில் விண்ணப்பம்தான்.

அக்கா இஸ்தான்புல்லிலிருந்து போன் எடுத்தார்.

"சின்னத் திருத்த வேலை, அக்கா. எங்கட ஆக்கள் பாக்கினம். டயர்தான், வேற ஒண்டுமில்லை. வாறன்," என்றார் கப்டன்.

போனில் பேசுவதென்றாலே எனக்கு நாக்கு ஒட்டிவிடும். அன்று அவர் கையிலிருந்த போனைப் பறித்தேன். "அக்கா, கொம்பனி முடிஞ்சுது. இவரால வர ஏலாது."

"எனக்கு விளங்கீட்டுது தம்பி. பொய் சொல்லேக்க அவன் கனக்கக் கதைப்பான்," என்றார். "அவன் சாப்பிட்டவனோ?"

கப்டன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கடனுக்குப் பிடித்து வைத்த விமானம் அங்கே நின்றது. "ஜன்னலெல்லாம் தூசி," என்றார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது.

அக்கா தம்பியைக் காணாமலே திரும்பினார். இப்போது அவருக்கு முழங்கால் ஏலாது, இன்னொரு பயணம் இல்லை. கப்டனோ, யாரோ சதி செய்து எங்கட கொம்பனியைக் கவிழ்த்தார்கள் என்கிறார். வெட்கம் கெட்ட விசுவாசம்.

ஞாயிறுகளில் அக்கா எனக்குத்தான் போன் எடுக்கிறார். தம்பி சொல்வதை நம்ப ஏலாதாம். அவன் சாப்பிட்டானா என்று கேட்பார். "ஓம் அக்கா," என்று சொல்லிவிட்டு, சோற்றுப் பெட்டியை எடுத்துக்கொண்டு கப்டன் வீட்டுக்கு எஸ்-பான் ரயில் ஏறுகிறேன்.