பேரிங் போன இசை

உலக இசை வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம். என் அக்கா வீட்டு வாஷிங் மெஷின் பழுதாவதற்கு முன்பு; பழுதான பின்பு. முன்பு நடந்ததெல்லாம் வெறும் ஒத்திகை.

ஒருநாள் துணி பிழியும்போது அந்த மெஷின் 'கடகட... ங்ஙொய்ங்' என்று அலறியது. சாதாரண மனிதர் காதைப் பொத்திக்கொண்டிருப்பார். அத்தான் மைக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். கணக்கர் வேலையை உதறிவிட்டு, படுக்கையறை முழுக்க ஒயர்களைப் பரப்பி, 'சுயாதீன மின்னிசைக் கலைஞர்' என்று தமக்குத் தாமே பதவி உயர்வு வழங்கிக்கொண்டவர் அவர். சுயாதீனம் என்றால் யாருடைய தயவையும் எதிர்பாராமல் வாழ்வது. வீட்டு வாடகையை அக்கா கட்டிவந்தாள்.

கூரியர் அலுவலகத்தில் நாளெல்லாம் கவுன்ட்டரில் நிற்கும் அவளுக்கு நவீன இசையில் பரிச்சயம் போதாது. மெக்கானிக்கை வரவழைத்துவிட்டாள்.

"பேரிங் போயிடுச்சு சார். மாத்திட்டா சத்தமே இருக்காது" என்றார் மெக்கானிக்.

அத்தான் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "தொட்டீங்கன்னா என் ஆல்பமே போச்சு!"

"பாடியில லேசா கரன்ட் வருது சார். ஷாக் அடிக்கும்."

"கேக்கறவங்களுக்கும் அதான் அடிக்கணும்."

மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். உடனடியாகக் குடும்பக் கூட்டம் கூடியது. அத்தான் தலைமை, நான் முன்னிலை. ஒலிப்பதிவு முடியும்வரை மெஷின் ஒரு வாத்தியம் என்றும், அதுவரை துணிகளைக் கையால் துவைப்பது என்றும் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அக்கா அப்போது வேலைக்குப் போயிருந்தாள். ஏகமனதுக்கு அதுவே காரணம். யாருடைய கை என்பது தீர்மானத்தில் குறிப்பிடப்படவில்லை.

சோப்புத் தண்ணீரில் அக்காவின் விரல்களிலெல்லாம் தோல் உரிந்தது. ஒருநாள் ஈரப் போர்வையும் கையுமாக அறை வாசலில் வந்து நின்றாள்.

"என்னால முடியலைங்க. நான் சொல்றது காதுல விழுதா, இல்லையா?"

"விழுது, விழுது" என்றார் அத்தான் பரவசத்தோடு. "இன்னொரு தரம் சொல்லேன். கொஞ்சம் மைக் பக்கமா."

அந்த வாக்கியத்தை அவர் ரப்பர்போல இழுத்தார், தலைகீழாகத் திருப்பினார், குகைக்குள் எதிரொலிக்க விட்டார். 'ஓலம்' என்ற அமரத்துவம் வாய்ந்த பாடல் பிறந்தது.

கம்ப்யூட்டர் கடை ஒன்றின் மாடியில் வெளியீட்டு விழா. வந்திருந்த விமர்சகர், எதையும் புரியாதபடி விளக்குவதில் வல்லவர். மெஷின் சத்தத்தை 'நுகர்வுக் கலாசாரத்தின் சுயவிசாரணை' என்றார். நான் கைதட்டினேன்.

கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். "அந்த 'ஓலம்' பாட்டுல ஒரு பெண் குரல் வருதே, அது என்ன மொழி?"

"மொழி தோன்றுவதற்கு முந்தைய துயரம் அது" என்றார் விமர்சகர்.

பின்வரிசையிலிருந்து அக்கா எழுந்தாள். "முந்தையதெல்லாம் இல்லீங்க. போன மாசம்தான். அது நான். என்னால முடியலைன்னு சொன்னேன்."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. "என்ன ஒரு நிகழ்த்துகலை!" என்று விமர்சகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தானின் கண்களும் கலங்கின.

"அடடா, இதை ரெக்கார்ட் பண்ணாம விட்டுட்டேனே!"

அதன்பின் அக்கா வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டாள். இதில் கலைக்கு நஷ்டம் ஏற்படாதபடி அத்தான் வீடெங்கும் மைக் வைத்தார். பக்கத்து அறையில் ஹெட்போனும் கையுமாகக் காத்திருந்தார். காத்திருப்பு வீண்போகவில்லை. அலமாரிக் கதவின் கிறீச்சல், ஹேங்கர்கள் ஒன்றோடொன்று மோதும் கிணுகிணு, பெட்டியின் ஜிப் ஓடும் ஓசை, படிகளில் தேய்ந்துகொண்டே போகும் செருப்பு. எல்லாம் ஒரே பதிவில் அமைந்தது.

"கேட்டுப் பாரு மச்சான்!" என்று எனக்கு அனுப்பினார்.

"ஜிப் அபாரம் அத்தான்" என்று பதில் போட்டேன்.

'முடிவை இப்படிக் கேட்பவரிடமே விட்டுவிடத் தனித் துணிச்சல் வேண்டும்' என்று விமர்சகர் எழுதினார். ஆல்பத்தின் மறுவெளியீட்டில் அதுவே கடைசிப் பாடலாகச் சேர்க்கப்பட்டது. சிறந்த சோதனை முயற்சிக்கான விருதும் வந்தது.

அக்கா போவதை ஆயிரக்கணக்கான ரசிகர்கள் கண்ணை மூடிக் கேட்டார்கள். விமர்சகர் கேட்டார். அத்தான் கேட்டார். நானும் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

'எங்கே போகிறாய்?' என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.