பழசு சாரும் மலைக்குருவி ஜீன்ஸும்

நீலகிரி மாவட்டத்திலேயே அதிகமான பழைய பேண்ட்டுகளை முகர்ந்து பார்த்த மனிதர் யாரென்று கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் பழசு சார் என்பேன். கையில் ஒரு ஜீன்ஸைக் கொடுத்தால் மற்றவர்கள் சைஸ் பார்ப்பார்கள். அவர் அதில் முகத்தைப் புதைத்து ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, "இது ரெண்டு மழைக்காலம் பாத்திருக்குதுங்க அக்கா" என்பார். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த அழகான பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது.

மலைக்குருவி என்று ஒரு ஜீன்ஸ். ஒரு காலத்தில் ஊட்டி மார்க்கெட்டிலிருந்து பந்தலூர் பஸ் ஸ்டாண்டு வரை அதைப் போடாத இளவட்டம் கிடையாது. விலை குறைவு, துணி தடிமன், பின்பாக்கெட்டுக்கு மேல் தோல்பட்டையில் ஒரு குருவி. அப்புறம் எல்லோரும் செல்போனில் ஆர்டர் போட ஆரம்பித்தார்கள், குருவியைச் சீந்துவாரில்லை. கோயம்புத்தூர் முதலாளி ஒருநாள் மலையேறி வந்தார். ஊட்டி காந்தல் யூனிட்டில் தைத்துக்கொண்டிருந்த நாற்பது பெண்களையும் சூப்பர்வைசரான என்னையும் நிற்க வைத்து, "ஆவணி வரைக்கும் பாக்கறனுங்க. குருவி பறக்கலைன்னா யூனிட்ட மூடறதத் தவிர வேற வழியில்லீங்க" என்றார். கையோடு ஒரு டிசைனரையும் விட்டுவிட்டுப் போனார். அவர்தான் பழசு சார்.

முப்பது வயது, வட்டக் கண்ணாடி, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஸ்வெட்டர். வந்ததுமே, "புதுசா எதுவும் பண்ண வேண்டாங்க. சனங்களுக்கு அவங்களோட பழைய ஜீன்ஸ ஞாபகப்படுத்துனாப் போதும், ஓடி வருவாங்க" என்றார். இவரை நம்பியா நாற்பது வீட்டில் அடுப்பெரியப் போகிறது என்று நினைத்தேன்.

மறுநாளே தோளில் ஒரு பெரிய பையை மாட்டிக்கொண்டு காந்தல் தெருக்களில் இறங்கிவிட்டார். ஒவ்வொரு வாசலிலும், "பழசு இருக்குதுங்களா?" என்று ஒரு குரல். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர் என்று நினைத்துப் பெண்கள் கிழிந்த சேலைகளோடு ஓடி வந்தார்கள்.

"மூணு சேலைக்கு ஒரு குண்டா குடுப்பீங்களா?" என்றாள் ஓர் அம்மா.

பழைய மலைக்குருவிதான் வேண்டும், அதில் ஓர் ஊரின் ஞாபகமே இருக்கிறது என்று பத்து நிமிடம் விளக்கினார். அந்தம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாஞ் சரிங்க. குண்டாவுக்கு மூடி சேத்தியா, தனியா?" என்றாள்.

மனிதர் அசரவில்லை. அடுத்த நாள் நிஜமாகவே பாத்திரங்களோடு போனார். ஒரு மலைக்குருவிக்கு ஒரு குண்டா. கூடவே அந்த ஜீன்ஸைப் பற்றி ஒரு ஞாபகமும் சொல்ல வேண்டும். ஞாபகம் இல்லாத ஜீன்ஸுக்கு வெறும் டம்ளர்தான். ஒருத்தர், இதைப் போட்டிருந்தபோதுதான் சிறுத்தை என்னைத் துரத்தியது என்றார். பழசு சார் கண்கலங்கி அவருக்குக் குக்கரே கொடுத்துவிட்டார். மறுநாள் அதே தெருவில் ஆறு பேரைச் சிறுத்தை துரத்தியிருந்தது.

இப்படிச் சேர்ந்த குவியலை முகர்ந்து முகர்ந்து ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். மழைக்காலத்தில் எங்கள் ஊரில் ஜீன்ஸ் நாலு நாளானாலும் காயாது. கரியடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து அதில் போட்டுத்தான் எல்லா வீட்டிலும் உலர்த்துவோம். ஆகவே எல்லாப் பழைய மலைக்குருவியிலும் புகை வாசம். "இதுதானுங்க அக்கா நம்ம சரக்கு" என்று குதித்தார். புது ஜீன்ஸையே புகை வாசத்தோடு விற்கப்போகிறாராம். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இடையில் என்னையும் இழுத்துக்கொண்டு பந்தலூருக்கு ஒரு பயணம். அங்கே எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிற பெண்கள், ஈரச்செடி சேலையை நனைக்காமலிருக்க இடுப்பில் சாக்கோ தார்ப்பாயோ சுற்றிக் கட்டியிருப்பார்கள். படங்கு என்று அதற்குப் பேர். ஒரே ஒரு அம்மா மட்டும் பிரித்துப்போட்ட ஜீன்ஸைக் கட்டியிருந்தார். வயிற்றின் மேல் எங்கள் குருவி. பழசு சார் செடிகளுக்குள் பாய்ந்துவிட்டார்.

"அக்கா, அத எனக்குக் குடுங்க. குக்கர் தர்றேன்."

பாக்கியம் என்று அந்த அம்மாவுக்குப் பெயர். சிலோன் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். பழசு சாரை மேலும் கீழும் பார்த்தார். "குக்கர இடுப்புல கட்டிக்கிட்டுக் கொழுந்து எடுக்க ஏலுமா தம்பி?"

"சரி, இதோட ஞாபகம் ஏதாச்சும் சொல்லுங்க."

"எங்க வீட்டுக்காரர் என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப போட்டிருந்தது. இப்ப அவருக்கு முட்டிக்கு மேல ஏறாது. அதான் நான் கட்டிக்கிட்டேன். இத மாதிரி உழைக்கிறதா ஒண்ணு தைச்சுக் குடு, இத எடுத்துக்கிட்டுப் போ."

திரும்பி வந்தவர் எல்லா வேலையையும் மூட்டை கட்டி வைத்துவிட்டார். கிடங்கில் கிடந்த பழைய தடித்த துணியை வெளியே வைத்து, உள்ளே மழைக்கோட்டுத் துணி கொடுத்து, மூன்று நாள் உட்கார்ந்து ஒரே ஒரு படங்கு தைத்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆவணி பொறந்திருச்சுங்க. நாப்பது பேரு பொழப்பு தொங்குது. நீங்க ஒரு அம்மாவுக்கு இடுப்புத்துணி தெச்சுக்கிட்டு இருக்கறீங்க" என்றேன். "வாக்குக் குடுத்துட்டனுங்க அக்கா" என்றார். பந்தலூர் பஸ்ஸில் அதைக் கொடுத்தனுப்பிவிட்டுத்தான் சாப்பிட்டார்.

புதுச் சரக்கை வியாபாரிகளுக்குக் காட்டச் சொல்லி முதலாளி குறித்த நாள் வந்தது. யூனிட்டில் முதலாளியும் வியாபாரிகளும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பழசு சார் திரையை விலக்கினார். தைலமர இலையைக் கொளுத்தி விடிய விடியப் புகை போட்ட பன்னிரண்டு ஜீன்ஸ்கள். அரங்கமே இருமியது. கூடலூர் வியாபாரி எழுந்து, "எங்கீங்க தீப்பிடிச்சிருக்குது?" என்றார். எங்கள் வாட்ச்மேன் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தே விட்டார். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதுமுங்க. மூடிரலாம்" என்றார். மூடச் சொன்னது திரையை அல்ல என்பது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. நாற்பது பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் அழுதேவிட்டேன்.

அப்போதுதான் பாக்கியம் உள்ளே வந்தார். இடுப்பில் புதுப்படங்கு, கையில் பழைய ஜீன்ஸ். சொன்ன சொல் காப்பாற்ற ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். சபையைக் கண்டு கொஞ்சமும் தயங்கவில்லை.

"தம்பி, கயிறு ஒரு சாண் பத்தல. மத்தபடி நல்லாருக்கு. எங்க லயத்து வீடுகள்ல அத்தன பேரும் கேக்குறாங்க."

முதலாளி, "மழைக்குத் தாங்குமாங்க?" என்றார்.

பாக்கியம் வாட்ச்மேன் கையிலிருந்த வாளியை வாங்கி, முழுசாகத் தன் வயிற்றின் மேல் கவிழ்த்துக்கொண்டார். பிறகு படங்கை விலக்கிச் சேலையைக் காட்டினார். பொட்டு ஈரமில்லை. முதல் வரிசை வியாபாரிகள்தான் முழங்கால் வரை நனைந்திருந்தார்கள். மஞ்சூர்க்காரர் வேட்டியைப் பிழிந்துகொண்டே, "நம்ம கடைக்கு அனுப்புங்க" என்றார். கூடலூர்க்காரரும் கை தூக்கினார்.

பழசு சார் இது எதையும் கவனிக்கவில்லை. மூலையில் நின்று, பாக்கியம் வீட்டுக்காரரின் ஜீன்ஸை முகர்ந்துகொண்டிருந்தார்.

யூனிட்டை மூடவில்லை. மலைக்குருவி இன்று எஸ்டேட் எஸ்டேட்டாகப் பெண்களின் இடுப்பில் பறக்கிறது. கயிறும் இப்போது ஒரு சாண் கூடுதல். பழசு சாரை முதலாளி இன்னொரு பழைய சரக்கைத் தூக்கி நிறுத்த மலைக்குக் கீழே அனுப்பிவிட்டார். அது பனியன். வீடு வீடாகப் போய் அதை எப்படிக் கேட்கிறாரோ, எப்படி முகர்கிறாரோ, நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

மாதத்துக்கு ஒருமுறை காந்தல் தெருவில் நிஜமான பாத்திரக்காரர் வருவார். "பழசு இருக்குதுங்களா?" என்று அவர் குரல் கேட்டதும் எங்கள் நாற்பது மிஷினும் நின்றுவிடும். நான் யாரையும் அதட்டுவதில்லை. ஜன்னலுக்கு முதலில் போய் நிற்பதே நான்தான்.